சம்பந்தி வீட்டுக் கார்

இராமையா தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியே தலை நரைத்தவர். எந்த வண்டியைக் கண்டாலும் முதலில் குனிந்து அதன் அடியைப் பார்ப்பார். அப்புறம்தான் ஓட்டிவந்த ஆளின் முகத்தைப் பார்ப்பார். வட்டகொடைப் பக்கத்தில் யார் பழைய வண்டி வாங்கப் போனாலும், "இராமையாண்ணே, ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்க" என்று கூட்டிக்கொண்டு போவார்கள். அவரும் வெற்றிலையை மென்றபடி பொனட்டைத் திறப்பார், கதவுகளைச் சாத்திச் சத்தம் கேட்பார், தகரத்தை விரல்முட்டியால் தட்டுவார். "வேணாம். இது விழுந்து எந்திரிச்ச வண்டி" என்று விற்கிறவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். விற்கிறவன் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

அப்படிப்பட்ட மனிதர் தனக்கென்று ஒரு கார் வாங்கியபோது பொனட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. ஏனென்றால் அது சம்பந்தி வீட்டுக் கார்.

சம்பந்தி கணேசமூர்த்திக்குத் தலவாக்கலை பஜாரில் ஹார்ட்வெயார் கடை. மூன்று தலைமுறையாக அதே இடத்தில் வியாபாரம். லொறி டிரைவர் மகள் தனுஜாவை, ஒன்றும் கேட்காமல், தன் மகன் பிரதீபனுக்குக் கட்டிக்கொண்டு போன குடும்பம். அந்த வீட்டுக்குப் போனால் இராமையா நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். அங்கே போய்ப் பொனட்டைத் திறப்பதும் தகரத்தைத் தட்டுவதும் நடக்கிற காரியமா? பெண் கொடுத்த இடத்தில் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுவதைப் போல அல்லவா அது!

பேச்சு வந்தது பொங்கலன்று. வாசலில் அந்தச் சின்ன வெள்ளைக் கார் கழுவித் துடைத்து நின்றது. அதை விற்கப்போவதாகப் பிரதீபன் வாய்தவறிச் சொல்ல, இராமையா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற்றுக் கையில் வந்த காசு அப்படியே இருந்தது. ஊரார் வண்டியை ஓட்டியது போதும் என்ற ஆசையும் நெடுநாளாக இருந்தது.

"அப்ப நான் எடுத்துக்கிறேன் சம்பந்தி."

கணேசமூர்த்தி பதறினார். "ஐயோ, உங்களுக்கு இது வேணாங்க. நான் வேற நல்ல வண்டியா பாத்துத் தாறேன்."

"இதுக்கு என்னங்க குறைச்சல்?"

"குறைச்சல்னு இல்ல... பழைய வண்டிங்க. வேணாங்க."

மறுபடியும் மறுபடியும் வேண்டாம் என்றார். இராமையாவோ அதைப் பெரிய இடத்து மரியாதை என்று எடுத்துக்கொண்டார். உறவுக்காரனிடம் காசு வாங்கக் கூச்சப்படுகிறார், பாவம். சம்பந்தி வேண்டாம் என்றால் இன்னும் ஒருமுறை கேட்க வேண்டும் என்பதுதானே முறை? கடைசியில், "வெளியாளுக்குக் குடுப்பீங்க, எனக்குக் குடுக்கமாட்டீங்களா?" என்று ஒரு போடு போட்டார். பெண் கொடுத்தவர் அப்படிக் கேட்ட பிறகு யாரால் மறுக்க முடியும்? கணேசமூர்த்தி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சரி என்றார். விலையையும் பாதியாகக் குறைத்தார். பெருந்தன்மை என்று இராமையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி காரை வீட்டு முன்னால் நிறுத்தினார். "அடியில பாத்தீங்களாண்ணே?" என்று எவனோ கேட்டபோது, "சம்பந்தி வீட்டு வண்டிய பாக்குறதா? போடா" என்று சிரித்தார்.

சித்திரை மாத மத்தியான மழைதான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. நானுஓயா ஸ்டேஷனில் ஒரு சொந்தக்காரரை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி நாகலெட்சுமி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, என் காலெல்லாம் தண்ணி" என்றாள்.

"கண்ணாடி சரியா ஏத்தலையா?"

"கண்ணாடியெல்லாம் ஏத்தித்தான் இருக்கு. தண்ணி கீழேருந்து வருது."

கீழிருந்து தண்ணீர் வருகிற வண்டி எப்படிப்பட்ட வண்டி என்று இராமையா எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்!

வீடு வந்ததும் கால்மிதியைத் தூக்கினார், அதன் கீழிருந்த விரிப்பை உரித்தார். தகரம் ஓட்டை விழுந்து, ஒட்டுப்போட்டு, மேலே அவசரமாகப் பெயிண்ட் அடித்திருந்தது. கதவடித் தகரத்தின் இடுக்கில் ஏதோ துருத்திக்கொண்டு நின்றது. இழுத்தார். காய்ந்துபோன தேயிலைக் கொப்பு ஒன்று, இரண்டு இலையோடு வந்தது. ஜாக் போட்டுத் தூக்கி மழைச் சேற்றில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். அடிச்சட்டம் வளைந்து, அடித்து நிமிர்த்தியிருந்த இடம் அவருக்குப் பச்சையாகத் தெரிந்தது. ரோட்டை விட்டு இறங்கித் தேயிலைக்குள் புரண்ட வண்டி. இதில்தான் இத்தனை நாளாகப் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

கோபத்துக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு விரிப்பை மறுபடி போட்டு மூடினார்.

நாகலெட்சுமிக்கு வெட்கமெல்லாம் வரவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும். தலைதீபாவளிக்குப் புள்ளய அனுப்பாதவங்கதானே? மாமியாருக்குக் காய்ச்சலாம், காய்ச்சல்! பணியாரத்தச் சுட்டு வச்சுக்கிட்டு ரோட்டப் பாத்துக்கிட்டே கிடந்தேன். போய் நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுங்க."

தீபாவளிக்கு மகள் வராத கோபத்தில், அவர்களாக வரட்டும் என்று பொங்கல் வரை சம்பந்தி வீட்டு வாசலையே மிதிக்காதவள், அவரையும் போகவிடாதவள் அவள். கேள்வி கேட்கச் சொன்ன கையோடு அவளே உட்கார்ந்து யோசித்தாள். "வேணாங்க. புள்ள அங்க வாழுது. வாய மூடிக்கிட்டு இருங்க." அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் மறுபடியும், "அதுக்காகச் சும்மா விட்டுர்றதா?" என்றாள்.

இராமையாவும் அதேபோல்தான் அல்லாடினார். கேட்டால் தனுஜா இரண்டு பக்கமும் இடிபடுவாள். கேட்காவிட்டால், பெண்ணைக் கொடுத்த இடம் எப்படிப்பட்டது என்ற சந்தேகம் நெஞ்சில் முள்ளாகவே கிடக்கும். கார் போனால் போகிறது; தெரிந்தே பழுதான வண்டியில் ஏற்றிவிடுகிறவர்களிடம் மகளை விட்டிருக்கிறோமா என்பதுதான் அவரைச் சாப்பிடவிடாமல் செய்தது. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும் நேரம் பார்த்து அந்தக் காரையே மெதுவாக ஓட்டிக்கொண்டு தலவாக்கலைக்குப் போனார்.

"வாங்க சம்பந்தி, வாங்க. தனுஜா, அப்பா வந்திருக்காரு, தேத்தண்ணி கொண்டா" என்று கணேசமூர்த்தி வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"தேத்தண்ணி கிடக்கட்டுங்க." முதல்முறையாக அந்த வீட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்த இராமையா, சட்டைப்பையிலிருந்து தேயிலைக் கொப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது உங்க வண்டிக்குள்ள இருந்துச்சு."

கணேசமூர்த்தியின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். பிரதீபன் கையிலிருந்த போனைக் கீழே வைத்தான்.

"வண்டி ஒருக்கா வழுக்கிருச்சுங்க" என்றார் கணேசமூர்த்தி மெல்ல. "எல்லாம் சரியாக்கியாச்சுன்னு கராஜ்காரன் சத்தியம் பண்ணான். நம்பிட்டோம். தப்பு எங்க மேலதான். வண்டிய விட்டுட்டுப் போங்க, உங்க காசத் தந்துர்றேன்."

"காசு கேட்டு வரல. யாரு ஓட்டுனது?"

பிரதீபன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் மாமா" என்றான்.

அடக்கி வைத்திருந்ததெல்லாம் இராமையாவுக்கு ஒரேயடியாக வந்துவிட்டது. "ஓட்டத் தெரியலன்னா பஸ்ஸுல போறதுதானே? இந்த ரோட்டுல எத்தன உசுரு போயிருக்குன்னு எனக்குத் தெரியும். என் புள்ளயும் அந்த வண்டியிலதானே போச்சு வந்துச்சு? மூடி மறைச்சு என் தலையிலயே கட்டிட்டீங்களே! உங்கள நம்பித்தானே புள்ளயக் குடுத்தேன்?"

கடைசி வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அதன் கனம் அவருக்கே தெரிந்தது. சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கணேசமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த தனுஜா அதைத் தரையிலேயே வைத்தாள்.

"அப்பா, போதும். ஓட்டுனது நான்."

"நீ சும்மா இரும்மா" என்றாள் மாமியார் அவசரமாக.

"இல்ல அத்தை. எவ்வளவு நாளைக்கு நீங்க எனக்காகப் பேச்சு வாங்குவீங்க?" அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நான்தான் ஓட்டிப் பழகினேன். இவரு பக்கத்துல இருந்தாரு. தீபாவளிக்கு முந்தின வாரம், தூறல். நம்ம தோட்டத்துப் பக்கம் வாற வளைவுல கைய விட்டுட்டேன். வண்டி தேயிலைக்குள்ள புரண்டுருச்சு. கை முறிஞ்சு கட்டுப் போட்டிருந்தாங்க. அதான் தலைதீபாவளிக்கு வரல. அத்தைக்குக் காய்ச்சலே இல்ல."

கல்யாணத்துக்கு முன்னால் அவள் டிரைவிங் பழகக் கேட்டதும், "இந்த ரோட்டுல பொம்பளப்புள்ள வண்டி ஓட்டவா? நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நடக்காது" என்று தான் கத்தியதும் இராமையாவின் நினைவுக்கு வந்தன.

"எதுக்கும்மா உனக்கு அந்த வேல?"

"தலைதீபாவளிக்கு நானே ஓட்டிக்கிட்டு வந்து உங்க முன்னால நிறுத்தணும்னு ஆசப்பா. நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? இவங்க வீட்டுக்கு வந்து, ஏன் ஓட்ட விட்டீங்கன்னு சத்தம் போட்டிருப்பீங்க. அதுக்குப் பயந்துதான் சொல்லவேணாம்னு எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கினேன்."

அதைத்தான் அவர் சற்றுமுன் செய்து முடித்திருந்தார். பெற்ற அப்பனிடமிருந்து மகளைக் காப்பாற்ற வேற்று வீட்டுக்காரர்கள் மூன்று பேர் மாறி மாறிப் பொய் சொல்லியிருக்கிறார்கள். அந்த நினைப்பு அவரை நொறுக்கிவிட்டது.

"பொங்கலன்னைக்கு நீங்க வண்டியக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சுங்க" என்றார் கணேசமூர்த்தி, இப்போது கொஞ்சம் தெம்போடு. "வேணாம், வேணாம்னு எத்தன தடவ சொன்னேன்! நீங்க விட்டாத்தானே?"

"நீங்க மரியாதைக்குச் சொல்றீங்கன்னு..." என்று இழுத்த இராமையா எழுந்தார். போனை எடுத்தார்.

"அம்மாகிட்டச் சொல்லாதீங்கப்பா" என்றாள் தனுஜா.

"ஆமாங்க, எங்க பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது" என்றாள் சம்பந்தியம்மா. "அவங்க மனசு சங்கடப்படும்."

"இல்லங்க. தோட்டம் முழுக்க உங்களத் தூத்தி வச்சிருக்கா. இது இன்னைக்கோட தீரணும்."

லொறிச் சத்தத்தில் காது மந்தமானவர் என்பதால் அவர் போனில் யார் பேசினாலும் ஊருக்கே கேட்கும். மணி அடித்ததும் நாகலெட்சுமி எடுத்தாள். அவரைப் பேசவே விடவில்லை. "என்ன சொல்றாங்க அந்த யோக்கியமானவங்க? கடைக்காரப் புத்தியக் காட்டிட்டாங்களா? நல்லா நாலு வாங்கு வாங்கிட்டுத்தான் வரணும், சொல்லிட்டேன்!"

கணேசமூர்த்தி கூரையைப் பார்த்தார். பிரதீபன் இருமினான்.

"லெட்சுமி, நிறுத்து. எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க." இராமையா மூச்சை இழுத்துவிட்டார். "வண்டியக் கவுத்தது நம்ம தனு. தீபாவளிக்கு முந்தி. கை முறிஞ்சு கட்டுப் போட்டிருந்துச்சாம், அதான் வரல. புள்ள எனக்குப் பயந்து மறைச்சிருக்கு. இவங்க அதுக்காகப் பழியத் தூக்கிச் சுமந்திருக்காங்க. நான் இங்க வந்து கண்டபடி பேசிட்டேன். தப்பெல்லாம் எம்மேலதான்."

போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று அவர் பார்த்தார். பிறகு நாகலெட்சுமியின் குரல், கொஞ்சம் முன்னால் கேட்ட குரலா இது என்கிற மாதிரி, வந்தது.

"எந்தக் கைங்க?"

இராமையாவுக்குத் தெரியவில்லை. யார் ஓட்டியது என்று கேட்டார், ஏன் ஓட்டினாய் என்று கேட்டார், ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். இதை மட்டும் அவர் கேட்கவே இல்லை.

மகளைத் திரும்பிப் பார்த்தார். இதுவரை அழாமல் நின்ற தனுஜாவுக்கு அம்மாவின் அந்த ஒரு கேள்வியில் அழுகை பொங்கிவிட்டது. வலது கையை முன்னால் நீட்டினாள். இராமையா போனை மேசையில் போட்டுவிட்டு அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டில் எலும்பு கூடிய இடம் லேசாகப் புடைத்திருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

"ஏங்க, எந்தக் கைன்னு கேக்குறேன்ல?" என்றது போன்.

சம்பந்தியம்மாதான் வந்து அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். "வலது கை அண்ணி. இப்ப நல்லாருச்சு. அழாதீங்க, நாங்க இருக்கோம்ல."