நான்கு மூலை மஞ்சள்

அப்பாவைக் குளிப்பாட்ட இரண்டாவது குடத்தை இறக்கி வைத்தபோதுதான், தபால்காரர் லாசர் எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதைக் காவேரி பார்த்தாள். அவர் கை பைக்குள் போகவில்லை. அப்படியென்றால் அண்ணனிடமிருந்து இன்றும் கடிதம் இல்லை. ஏழு வாரமாகிறது.

அண்ணன் சின்னத்தம்பி, இலங்கைக்குப் போன பட்டாளத்தில் இருந்தான். அவனுக்கு எழுதும் முகவரியில் ஊர் கிடையாது, பெயரும் எண்களும்தான். சனிக்கிழமைதோறும் அப்பா மாரிசாமி சொல்லச் சொல்லக் காவேரி எழுதுவாள். பிரிக்கும் முன்பே நல்ல சேதி என்று மகனுக்குத் தெரிய, அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவாள். குழம்புக்கு இல்லாத மஞ்சள் கடுதாசிக்கு இருக்கிறது என்று அப்பா கேலி செய்வார்.

கடைசியாக வந்த கடிதத்தில் அண்ணன் ஒன்று சொல்லியிருந்தான். பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக் கருப்பு மை தடவிய சாவுக் கடிதம் வந்ததாம். அன்று சாயங்காலம் கண்ணிவெடி புதைத்த பாதையில் ரோந்து போனவன், தரையைப் பார்த்து நடக்கவில்லையாம். அதற்கு மேல் எழுதவில்லை. அம்மா அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

சித்தப்பா சென்றாயன் லாசரிடம் ஏதோ விசாரித்துவிட்டு அம்மாவிடம் வந்தார்.

"தந்தி குடுத்தர்லாமுங்க அண்ணி. ஒத்தப் பையன். அப்பன் மூஞ்சியக்கூடக் காட்டலியேன்னு நாளைக்குக் கேட்டா நான் என்னங்க சொல்றது?"

பெண்கள் அம்மாவின் முகத்தில் கடைசி முறையாக மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"வந்து கேக்கட்டும். கேக்கறதுக்கு அவன் இருக்கட்டும்."

பிறகு காவேரியைக் கூப்பிட்டாள். "இன்னைக்குச் சனிக்கெழமதான கண்ணு? எப்பவும்போல எழுது."

'அப்பா சொல்ல எழுதுவது' என்றுதான் எல்லாக் கடிதமும் தொடங்கும். அந்த வரியிலேயே பேனா நின்றுவிட்டது. வெளியே தண்ணீர் ஊற்றும் சத்தம். எழுத்தை வைத்தே அண்ணன் கண்டுபிடித்துவிடுவானோ? பின்னால் தெரிந்தால் தன்னிடம் பேசுவானா? இதைப் பிரிக்க அவன் இருக்கிறானா என்ற நினைப்பு வரும் முன்பே மளமளவென்று எழுதினாள். மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது. பனி அதிகம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

மூன்று மணி பஸ்ஸில் தபால் பை ஏற்காட்டுக்குப் போக வேண்டும். லாசர் வெறுங்காலோடு காத்திருந்தார். காவேரி கடிதத்தை ஒட்டிவிட்டு, அடுப்படிக்கு மஞ்சள் தேடப் போனாள். அம்மா கையை நீட்டி அவளை நிறுத்தினாள். கடிதத்தை மடியில் வைத்தாள். தன் கன்னத்தில் விரலை அழுத்தி எடுத்து ஒரு மூலையில் வைத்தாள். இப்படி நான்கு தடவை.

ஈரம் கலையாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு லாசர் சரிவில் இறங்கினார். காப்பிச் செடிகளுக்கு நடுவே பனி அவரை மூடிக்கொண்டது. வாசலில் பறை எழும்பியது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அம்மாவின் கன்னத்தில் நான்கு இடங்களில் தோல் தெரிந்தது.