ஏரியைச் சுற்றிப் பதினெட்டுக் கிலோமீற்றர்

1

இது ஒரு கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. பாரிஸில் சிற்றிதழ் நடத்தும் ஒருவர், பிரான்சின் நாட்டுப்புறப் பாதைகளில் சைக்கிள் ஓடியதைப் பற்றி நாலு பக்கம் கேட்டிருந்தார். போன ஆடியில் நானும் என் சிநேகிதன் நித்தியானந்தனும் டென்மார்க்கிலிருந்து கார்க்கூரையில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு போய் அங்கே ஆறு நாள் ஓடினோம். விஷயத்துக்குப் பஞ்சமில்லை. தொடங்கினேன்:

"இருபக்கமும் சூரியகாந்தி. அரை மணி நேரமாக ஒரு வாகனமும் வரவில்லை. முன்னால் நித்தி, அவன் பின்சில்லோடு ஒட்டினாற்போல நான். அப்போது"

அந்த 'அப்போது'வில் நின்றுவிட்டேன். அப்போது நடந்தது இதுதான்: நித்தியின் சைக்கிள் சட்டையின் முதுகுப் பையில் போன் அடித்தது. அவன் கையால் ஒரு சைகையும் காட்டாமல் சடாரென்று பிறேக் பிடித்தான். நான் அவன் சில்லில் மோதிப் புல்லுக்குள் போய் விழுந்தேன். முழங்கை கிழிந்து இரத்தம் ஓடியது. அவன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை, போனைப் பார்த்தான். மின்சார ஒப்பந்தம் விற்கும் யாரோ டெனிஷ்காரி. நிறுத்திவிட்டு, வெளிறிய முகத்தோடு வந்து என்னைத் தூக்கினான்.

"சொறி ஐசே. விஜியாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

விஜி அவனுடைய தங்கை விஜிதா. வன்னியிலிருந்து அவள் கடைசியாகப் பேசிப் பதினாறு வருடம். அவள் குரலை அவன் கேட்காமல் போனதற்கு நான்தான் காரணம். அது அவனுக்குத் தெரியாது.

ஆகவே கட்டுரை இல்லை. சிற்றிதழ்க்காரர் மன்னிக்கவும்.

2

நித்தியை முதலில் காட்டிவிடுகிறேன். நாங்கள் இருக்கும் விபோர்க் நகரில் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. மேடு கண்டால் சீற்றை விட்டு எழும்பி என்னைக் கழற்றிவிட்டுப் போய், உச்சியில் காத்து நின்று, "என்ன, சமைச்சுச் சாப்பிட்டிட்டோ வாறீர்?" என்று கேட்கிற ஆள். கதை கவிதைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். சைக்கிளைப் பற்றி நான் எழுதினால் மட்டும் ஒரு வரி விடாமல் வாசிப்பான், பிழை பிடிக்க. [இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.]

எங்கள் சைக்கிள் கழகத்தில் தமிழர் நாங்கள் இருவர்தான். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்லோருமாக வரிசையில் வெளிக்கிடுவோம். முன்னால் போகிறவர் எதிர்க்காற்றைத் தன்மேல் வாங்கிக்கொள்வார், குழியையும் கல்லையும் கையால் காட்டுவார். பின்னால் வருகிறவருக்கு ரோட்டுத் தெரியாது. முன்னால் போகிறவரை நம்பி ஓட வேண்டியதுதான்.

2009 தைமாதத்தோடு நித்தி வருவதை நிறுத்தினான். விஜிதா சனத்தோடு சனமாக முல்லைத்தீவுக் கரைப் பக்கம் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தாள். அங்கே யாரிடமோ ஒரு சாட்டிலைட் போன். வரிசையில் நின்றால் ஆளுக்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்காக நித்தி வேலைக்கும் லீவு போட்டுவிட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால், போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். ஒன்பது கிலோ மெலிந்துபோனான்.

(ஓரக்குறிப்பு: சித்திரையில் ஒருதரம் அழைப்பு வந்தபோது, கனடாவிலுள்ள மூத்தக்கா ஞானேஸ்வரியும் கேட்கட்டும் என்று, நித்தியின் மனைவி யோகமலர் தன் போனில் அவவை எடுத்து, இரண்டு போனையும் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் நேருக்கு நேர் வைத்தாவாம். மூன்று நாடுகள் ஒரு மேசையில் அழுதன. கதைக்கு நல்ல விபரம் என்று அன்றே கொப்பியில் குறித்துவைத்தேன். எழுதுகிறவனின் புத்தி அப்படி.)

3

நாள்: மே பத்து, ஞாயிறு. போர் முடிய இன்னும் எட்டு நாள். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

இப்படியே வீட்டுக்குள் இருந்தால் உமக்குப் பைத்தியம் பிடிக்கும், இரண்டரை மணி நேரம் வாரும் என்று நான்தான் அவனை இழுத்தெடுத்தேன். வந்தான். ஆனால் அவசரத்தில் போனைச் சார்ஜிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். கழக வாசலில்தான் பையைத் தடவிப் பார்த்தான்.

"போய் எடுத்துக்கொண்டு வரட்டோ?"

"யோகமலர் நிக்கிறாதானே. வாரும்" என்றேன்.

ஏழுக்கு எட்டு நிமிடம் இருந்தது. நான் சப்பாத்தைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது என் போனில் செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் யோகமலரின் தமிழ்:

"அண்ணை, விஜி இப்ப எடுத்தவ. தன்ர அண்ணாட்டத்தான் சொல்லோணுமாம். பத்து மணிக்குத் திரும்ப எடுப்பா. இவரை அனுப்பிவிடுங்கோ."

வாசித்தேன். போனைப் பையில் வைத்தேன். நித்தியிடம் சொல்லவில்லை.

ஏன்? முதல் பிரதியில் எழுதியது: "சொன்னால் பத்து மணிவரை அவன் செத்துப் பிழைப்பான். ஒன்பது இருபதுக்கு எப்படியும் வீட்டில் நிற்போம். அவன் நிம்மதிக்காகவே" [பாதி பொய். வெட்டவும்.] மீதிப் பாதி இது: எனக்கு வன்னியில் ஒருவரும் இல்லை. நாலு மாதமாக ஊர்வலம், செய்தி, அழுகை என்று அலுத்துப் போயிருந்தேன். எனக்குப் போரிலிருந்து இரண்டரை மணி நேரம் லீவு தேவைப்பட்டது. அதை நித்தியின் பெயரில் எடுத்துக்கொண்டேன். எழுதிவிட்டுப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

4

"எட்டே முக்காலுக்கு, ஹால் ஏரிக்குத் திரும்பும் சந்தியில், என் பின்சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. மற்றவர்கள் போய்விட, நித்தி மட்டும் நின்று ரியூப் மாற்ற உதவினான். அதில் நேரம்"

[பஞ்சர் நடக்கவில்லை.]

மூன்று பிரதியாக இந்தப் பஞ்சரைக் காப்பாற்றி வந்தேன். ரியூப்பில் குத்திய முள்ளின் நீளம்வரை எழுதியிருந்தேன். சில்லில் பழியைப் போடுவது எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

நடந்தது: சந்தியில் கழகத்துக்காரர் நேரே வீட்டுப் பக்கம் போனார்கள். நித்தி கால் ஊன்றி நின்றான். முகத்தில் வியர்வை, நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

"ஏரியைச் சுத்திக்கொண்டு போவமோ ஐசே? பதினெட்டுக் கிலோமீற்றர்தானே."

மணியைப் பார்த்தேன். மட்டுமட்டாகப் பத்துக்கு வரலாம் என்று மனம் கணக்குப் போட்டது.

"ஓம், போவம்" என்றேன்.

அந்த ஏரிப் பாதையைப் போல அமைதியான ரோட்டை நான் பிரான்சிலும் காணவில்லை. மேடு ஏறி இறங்கினால் கண்ணெட்டும் தூரம் மஞ்சள் கடுகுப் பூ. வழியில் நித்தி பாட்டும் பாடினான். சந்திக்கு வருமுன்னரே, எட்டு மணிக்கு, ஒருதரம் என் போன் முதுகில் அதிர்ந்திருந்தது, ஒன்பதரைக்கு இன்னொருதரம் அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்பதரைக்குப் பிறகு கணக்குப் பிழைத்தது. முகத்துக்கு எதிரே காற்று. "கெதியா உழக்கும்" என்றேன்.

"என்ன திடீரெண்டு அவசரம்?"

"இண்டைக்கு அன்னையர் தினம். சுஜாந்தினிக்குப் பூ வாங்கோணும்."

அவன் சைக்கிளை நிற்பாட்டியே விட்டான். "உம்மட மனுசிக்குப் பூ? நீரோ?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு வரம்பில் இறங்கி ஒரு கை கடுகுப் பூ பிடுங்கி, "அப்ப நானும் என்ர மனுசிக்குக் கொண்டுபோறன்" என்று முதுகுப் பையில் செருகினான். போன் இருக்க வேண்டிய பையில்.

(ஓரக்குறிப்பு: இந்தப் பூ கதைக்கென்று செய்ததுபோல இருக்கிறது, நம்பமாட்டார்கள் என்று இரண்டுதரம் வெட்டினேன். பஞ்சர்தான் பொய். பூ உண்மை.)

5

வீட்டு வாசலில் யோகமலர் நின்றா. பத்து மணி பன்னிரண்டு நிமிடம். இரண்டு கையிலும் இரண்டு போன். நித்தி சிரித்துக்கொண்டே பூவை நீட்டினான்.

"விஜி எடுத்தவள்" என்றா. "அண்ணா எங்க எண்டு கேட்டவள்."

"நீ என்ன சொன்னனி?"

"சைக்கிள் ஓடப் போட்டார் எண்டனான். 'சைக்கிளோ?' எண்டாள். பிறகு ஒண்டும் பறையேல்லை. லைன் கட்டாயிட்டுது." என் பக்கம் திரும்பினா. "அண்ணை, என்ர மெசேஜ் வரேல்லையோ? அடிச்சுமெல்லோ பார்த்தனான்."

"போன் பைக்குள்ள கிடந்தது, பார்க்கேல்லை" என்றேன்.

ஒரு நொடியும் யோசிக்காமல் அது வாயில் வந்தது. இருவரும் நம்பினார்கள். நித்தி பூவைக் கையில் வைத்தபடியே படியில் இருந்துவிட்டான். "போனை விட்டிட்டுப் போன என்னைச் செருப்பால அடிக்கோணும்" என்றான். நான் அவன் தோளைத் தடவிக்கொடுத்தேன்.

பிறகு விஜிதா எடுக்கவில்லை. எட்டாம் நாள் எல்லாம் முடிந்தது. முகாம்களின் பெயர்ப் பட்டியலிலும் அவள் இல்லை. அன்றிலிருந்து நித்தி போன் இல்லாமல் சைக்கிளில் ஏறியதே இல்லை. மழைக்குப் பிளாஸ்ரிக் உறையில் சுற்றி முதுகின் நடுப் பையில் வைப்பான். பதினாறு வருடமாக அவனுக்குப் பின்னால் ஓடுகிற நான் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறேன். இடைக்கிடை காற்றோடு கேட்பான்: "என்ன சொல்ல வந்திருப்பாள் ஐசே?" தெரியாது என்பேன். அது ஒன்றுதான் நான் அவனுக்குச் சொன்ன உண்மை.

6

மாற்று முடிவுகள்.

முடிவு ஒன்று: கழக வாசலில் சொல்கிறேன். அவன் திரும்பி ஓடுகிறான், பத்து மணிக்குத் தங்கையோடு பேசுகிறான்.

முடிவு இரண்டு: சந்தியில், "வேண்டாம், வீட்டை போவம்" என்கிறேன். அப்போதும் பேசுகிறான்.

மூன்றாவதை என் ஆறுதலுக்காக எழுதத் தொடங்கினேன். ஒரு கட்டத்துக்குப் பிறகு யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்று காட்டுவதற்கு:

"ஒன்பது ஐம்பத்தெட்டு. வீட்டுக்கு இன்னும் ஆறு கிலோமீற்றர். இனிச் செய்ய ஒன்றுமில்லை. நித்தி முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு போகிறான். என் முதுகில் போன் மூன்றாம் முறை அதிர்கிறது. யோகமலர் என்னைத் திட்டத்தான்"

இந்த இடத்தில் கை நின்றது. மூன்றாம் முறை அதிர்ந்தது எனக்கு இப்போதுதான் நினைவு வந்தது. இரண்டாம் பகுதிக்குப் போய் என்னுடைய அழகான ஓரக்குறிப்பை வாசித்தேன். இரண்டு போன், ஸ்பீக்கர், நேருக்கு நேர்.

நிலவறைக்கு ஓடினேன். அந்தக் கிழமையே நான் மாற்றிவிட்ட பழைய போன் பெட்டிக்குள் கிடந்தது. சார்ஜர் தேடிப்பிடித்து ஏற்றி, உயிர் வரும்வரை பக்கத்தில் நின்றேன். தவறிய அழைப்புகள், மே பத்து, யோகமலர்: 08.04. 09.31. 10.01.

பத்து மணி ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் யோகமலரின் ஒரு கையில் விஜிதா. மறு கையில் என்னுடைய மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் எடுத்திருந்தால், கையை நீட்டி முன்னால் போகிறவனிடம் கொடுத்திருந்தால் போதும். அவள் என் முதுகுவரை வந்திருக்கிறாள்.

பதினாறு வருடமாக எனக்கு இது தோன்றவில்லை. சீமெந்துத் தரையில் இருந்துவிட்டேன். சுஜாந்தினி மேலிருந்து கூப்பிட்டா. போனை மடியில் வைத்தபடியே இருந்தேன்.

7

வாசகரே, இந்த இடத்தில் முடிவை உங்களிடம் ஒப்படைப்பது வழக்கம். நான் ஒப்படைக்கவில்லை. இந்தக் கதைக்கு ஒரேயொரு வாசகர்தான். மற்றவர்கள் இத்தோடு மூடிவைக்கலாம்.

நித்தி, தலைப்பில கிலோமீற்றரைப் பார்த்துப் பிழை பிடிக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தனீர். பிழை மூண்டாம் பகுதியில இருக்கு, அஞ்சாம் பகுதியில இருக்கு. உமக்கு முன்னால நிண்டு சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை. அதால எழுதினன். இதுவும் ஒரு கோழைத்தனம்தான், தெரியும். போனை விட்டிட்டுப் போனது உம்மட பிழை இல்லை. ஒருநாளும் இல்லை.

இந்த இதழ் உம்மட கைக்கு வந்த கிழமை, ஞாயிறு ஏழு மணிக்கு நான் கழக வாசலில நிப்பன். சைக்கிள் கொண்டு வரமாட்டன். அந்தப் பழைய போனை, சார்ஜ் ஏத்தி, கொண்டு வருவன்.

நீர் வருவீரோ, வந்து என்ன செய்வீரோ, எழுத எனக்கு உரிமை இல்லை. பத்து மணி வரைக்கும் நிப்பன்.