துணி லூஸாச்சா?

மருந்துக்குக் குறைவில்லை, ஊசிக்குக் குறைவில்லை. ஆனால் என் கணவர் பார்கவனின் இடுப்பில் போட்ட தையல் மட்டும் சேரவே மாட்டேன் என்றது. எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்த இடம். திங்கட்கிழமை காயத்தை மறுபடியும் திறக்கப் போவதாக டாக்டர் சேவியர் சொன்னார். எழுபது வயதைத் தாண்டிய உடம்பு இன்னொரு மயக்க ஊசியைத் தாங்குமா?

"வயசாச்சுல்ல சேச்சி, ஆற நாளாகும்" என்றார் டாக்டர்.

"வயசு என்ன போன மாசமா வந்துச்சு சாரே? கஞ்சியில நாலு வாய், அதோட தட்டைத் தள்ளிடறார். மெலிஞ்சே போயிட்டார்."

"அட்மிட் ஆனப்பவே கேட்டாச்சு. மெலியலன்னு இவரேதான் சொன்னார்."

நான் பார்கவன் பக்கம் திரும்பினேன். "அப்படியா சொன்னீங்க?"

"துணி லூஸாச்சான்னு சிஸ்டர் கேட்டுச்சு. இல்லன்னேன். முண்டு எங்கேடி லூஸாகும்? இழுத்துக் கட்டினா ஆச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்ததிலிருந்து பேன்ட்டே போடாமல் வேட்டி மட்டுமே கட்டுகிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? நிற்க முடியாதவர் என்பதால் எடையும் பார்க்கவில்லையாம். பார்க்காமலே எல்லாம் சரியாம்! இத்தனை பேர் வந்து போனார்களே, ஒருவருக்காவது கண் இருந்ததா?

போர்வையை விலக்கினேன். "பாருங்க சாரே. இந்த முண்டோட கரை எப்பவும் வலது தொடை மேலதான் விழும். இப்போ சுத்தி முதுகுப் பக்கம் போயிடுச்சு. நடுவுல இருந்த மனுஷன் எங்கே?"

டாக்டர் முகம் மாறியது. எவ்வளவு மெலிந்திருக்கிறார் என்று மேல்கையில் அளவு நாடாவைச் சுற்றி அளந்தார். காயத்தை இன்னொரு முறை பார்த்தார். சீழ் இல்லை, சத்தில்லாமல்தான் ஆறவில்லை, முதலில் உடம்பைத் தேற்றுவோம் என்று திங்கட்கிழமையைத் தள்ளிவைத்தார். முட்டை, பால், மீன் கொடுக்கச் சொன்னார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சேச்சி."

வாய் வலிக்கச் சொன்னவளிடம்!

நான் பதில் சொல்லத் திரும்பியபோது, வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் புதிதாக வந்து கிடந்த கிழவியிடம் அதே சிஸ்டர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மச்சி, துணி ஏதும் லூஸாச்சா?"

"இல்ல மோளே."

கழுத்திலிருந்து கணுக்கால்வரை நைட்டி. அது தைக்கும்போதே லூஸ்தான்! சிஸ்டர் தலையாட்டிவிட்டு நகரப் பார்த்தாள்.

பாய்ந்து போய் அந்த நைட்டியின் கையைச் சுருட்டிவிட்டேன். உள்ளே எலும்பும் தோலுமாக ஒரு கை.

"இதை அளந்துட்டு அப்புறம் எங்கே வேணும்னாலும் போ" என்றேன்.