ஒற்றைக் கொம்பு

பெனடிக்ற்றிடம் இருந்த பழைய மொனிற்றரைப் பற்றி நல்லதாகச் சொல்வதற்கு ஒன்றுதான் உண்டு. குளிர்காலத்தில் அது அறையைக் கொஞ்சம் சூடாக்கும். மற்றபடி அதை மொனிற்றர் என்று சொல்வதே தப்பு. ஏதோ ஒரு அலுவலகம் வேண்டாம் என்று கழித்துவிட்ட பதினான்கு அங்குலப் பெட்டி. இங்கிலீஷ் எழுத்தென்றால் ஒருவாறு காட்டிவிடும். தமிழைக் கண்டால் அதற்கு மூச்சு முட்டும். ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தெரிவது மெய்யெழுத்தின் புள்ளியா கண்ணாடியில் இருக்கும் தூசியா என்று விரலால் துடைத்துப் பார்க்கவேண்டும். எல்லாவற்றிலும் மோசம் கொம்புதான். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் அந்தத் திரையில் அச்சொட்டாக ஒரே மாதிரி இருக்கும்.

இங்கிலீஷ்காரனுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் பெனடிக்ற் வயிறு வளர்த்தது பார்க்கிங் என்ற ஊரில் இருந்த ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் என்றாலும், மனிதர் உயிரோடு இருந்தது தமிழ் எழுத்தில்தான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கிழக்கு லண்டனில் எங்கள் ஆட்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள். கல்யாண அட்டை, பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீட்டு அட்டை, கோயில் நோட்டீஸ், செத்தவீட்டு நினைவு மலர் எல்லாவற்றையும் ஃபாரஸ்ட் கேட்டில் தன் வாடகை அறையில் இருந்து கொம்பியூற்றரில் அடித்துக் கொடுப்பார்.

அப்படித்தான் கனகாம்பிகை என்ற அம்மாவின் கணவருடைய ஆண்டுத் திவச மலரும் அவர் கைக்கு வந்தது. 'எம்மைவிட்டுப் போய் ஓராண்டு ஆனாலும்' என்று வரவேண்டிய இடத்தில் 'எம்மைவிட்டுப் பொய் ஓராண்டு ஆனாலும்' என்று அச்சாகிவிட்டது. ஒரு கொம்புதான் மாறியது. அந்த அம்மா ரெலிபோனில் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டா.

"என்ரை மனிசன் போனது பொய்யே? சொல்லும் பாப்பம்! அப்ப ஆள் எங்கை?"

செத்துப்போன மனிதர் ஊரில் காணித் தரகராக இருந்தவர். ஆகவே அந்தச் சொல் பொருத்தமாகத்தான் விழுந்திருக்கிறது என்று ஈஸ்ட் ஹாம் பக்கத்தில் பலர் சிரித்தார்கள். பெனடிக்ற்றுக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கத்தில் கடைத்தெருப் பக்கம் போகாமல் திரிந்தார்.

திருத்தி எடுத்து வரும்படி கனகாம்பிகை தன் பெறாமகளை, அதாவது தங்கையின் மகளை, அனுப்பினா. அவள் பெயர் சந்திரவதனா. முப்பது தாண்டியவள், அப்டன் பார்க்கில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வந்தவள் கதிரையில்கூட உட்காராமல் தாளை வாங்கிப் பார்த்தாள். கைப்பையில் இருந்து பென்சிலை எடுத்தாள்.

"பொய் மட்டுமில்லை அண்ணை. இஞ்சை பாருங்கோ, பேரப்பிள்ளையள் எல்லாம் பெரப்பிள்ளையள் ஆகிக் கிடக்கு."

அதன்பிறகு சனிக்கிழமைகளில் கடையில் வேலை முடிந்ததும் அவள் பெனடிக்ற்றின் அறைக்கு வரத் தொடங்கினாள். அவர் அடித்து வைத்ததை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். பிழையைக் கண்டால் அவளுக்கு ஒரு சந்தோஷம், அதைக் கேட்கும்போது அவருக்கும் ஒரு சந்தோஷம். பால் விடாத பிளேன்ரீ குடிப்பார்கள். இருட்டமுன் அவள் போய்விடுவாள். மற்ற நாட்களில் பெனடிக்ற்றோடு கதைக்க ஒரு ஆள் கிடையாது. தொழிற்சாலையில் இரைச்சல், வீட்டில் மௌனம். சில கிழமைகளில் அவர் தன் குரலைத் தானே கேட்பது சனிக்கிழமை அவள் கதவைத் தட்டும்போதுதான்.

சுற்றிவளைத்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மனிதர் அவளைக் கட்டவேண்டும் என்று ஆசைப்பட்டார். அவர் வேதக்காரன், அவள் சைவம். அவருக்கு வயதும் பத்து வருஷம் கூட. அதெல்லாம் லண்டனில் சமாளிக்கக்கூடிய விஷயங்கள். சமாளிக்க முடியாதது அந்த 'அண்ணை'தான். எங்கள் ஆட்களுக்கு முன்பின் தெரியாத ஆண் எல்லாம் அண்ணை. மரியாதைக்குச் சொல்கிறார்களா, வேலி அடைக்கிறார்களா என்று கேட்கிறவனுக்குப் பிடிபடாது. சந்திரவதனா வசனத்துக்கு ஒரு அண்ணை போடுவாள், சிலவேளை முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டு. பதிலுக்கு அவளைத் தங்கச்சி என்று கூப்பிடாமல் இருப்பதில் மட்டும் பெனடிக்ற் வெகு கவனமாக இருந்தார். 'நீர்' என்பார், பெயர் சொல்லுவார். அந்த ஒரு சொல்லை வாயில் வரவிடமாட்டார். அவருடைய காதல் முழுவதும் அந்த அளவில்தான் நின்றது.

ஒரு சனிக்கிழமை அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"என்ரை அண்ணா ரொறன்ரோவிலை எனக்குக் கலியாணத்துக்கு ஒரு இடம் பாத்திருக்கிறாராம். நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை, அண்ணை."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஒருவன் என்றால் அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். பெனடிக்ற் தேநீர்க் கோப்பையைப் பார்த்து, "நல்ல விசயம்தானே" என்றார்.

"நான் போனால் உங்கடை கொம்பை ஆர் பாக்கிறது? இந்தப் பெட்டியை வைச்சுக்கொண்டு ஏலாது அண்ணை. முதல் ஒரு நல்ல மொனிற்றர் வாங்குவம்."

அடுத்த சனிக்கிழமை அவள் மருந்துக்கடையில் லீவு போட்டாள். இரண்டு பேருமாக டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டுக்குப் போனார்கள். அந்தத் தெருவில் கடைக்குக் கடை கொம்பியூற்றர்தான். பெனடிக்ற்றின் கோட்டுப் பையில் ஒரு பிளொப்பி டிஸ்க். அதில் தமிழ் எழுத்துருவும், பொடி எழுத்தில் அடித்த இரண்டே இரண்டு சொற்களும் இருந்தன: பொய், போய். எந்தத் திரையில் இந்த இரண்டும் வேறு வேறாகத் தெரிகிறதோ அதை வாங்குவது என்பது சந்திரவதனாவின் ஏற்பாடு.

போகும்போதே பெனடிக்ற் இரண்டடி பின்தங்கி நடந்தார். நல்ல மொனிற்றர் ஒன்று அகப்பட்டுவிட்டால் அவள் அறைக்கு வரவேண்டிய காரணம் போய்விடும். அவள் ஓம் சொல்வதற்கு இருந்த கடைசித் தடையைக் காசு கொடுத்துத் தானே நீக்கப்போவதாக அவருக்குப் பட்டது. ஆகவே மனிதர் குற்றம் கண்டுபிடிக்கத் தொடங்கினார். முதல் கடையில் இருந்தது கண்ணைக் கூசுகிறதாம். இரண்டாவது கடையில் மூலைகள் வளைந்திருக்கிறதாம். இன்னொரு கடையில் பிளொப்பியைப் போட்டால் வைரஸ் வரும் என்று தொடவே மாட்டேன் என்றார்கள். அந்தக் கடைக்காரனுக்கு மட்டும் பெனடிக்ற் மனமார நன்றி சொன்னார்.

கடைசியில் ஒரு சந்தின் மூலைக் கடையில் அது இருந்தது. பதினேழு அங்குலம். தட்டையான முகம். கழுத்துப்பட்டி அணிந்த வெள்ளைக்காரப் பொடியன் ஒருவன் பொறுமையாக எழுத்துருவை ஏற்றிக் கோப்பைத் திறந்தான். பொய் என்றது பொய்யாகவும் போய் என்றது போயாகவும் பளிச்சென்று நின்றன. கொம்பின் தலையில் இருந்த சுழிக்குள் இருந்த வெள்ளை இடம்கூடத் தெரிந்தது. சந்திரவதனா சின்னப்பிள்ளை போலக் கை தட்டினாள்.

"கடவுளே, என்ன வடிவு! இனி நான் இல்லாட்டியும் நீங்கள் சமாளிப்பியள் அண்ணை."

அந்த வசனத்தில்தான் பெனடிக்ற்றுக்கு மூளை கலங்கிப்போனது.

"எனக்கு வித்தியாசம் தெரியேல்லை" என்றார்.

"என்ன?"

"ரெண்டும் ஒண்டுமாதிரித்தான் கிடக்கு."

கடைப் பொடியன் தானும் மூக்கைத் திரையில் வைத்துப் பார்த்தான். தனக்கு இந்த மொழியில் ஒரு எழுத்தும் தெரியாது, ஆனால் ஒன்றுக்குத் தலையில் வளையம் இருக்கிறது, மற்றதற்கு இல்லை, அது தனக்கே தெரிகிறதே என்றான். பெனடிக்ற் அசையவில்லை. தெரியவில்லை என்றால் தெரியவில்லை.

சந்திரவதனாவின் முகம் வெளுத்துவிட்டது. மருந்துக்கடையில் வேலை செய்கிறவர்களின் மனம் எப்போதும் வருத்தத்தை, அதாவது நோயைத்தான் நினைக்கும்.

"உங்களுக்குச் சலரோகம், அதுதான் சீனி வருத்தம், இருக்கோ அண்ணை? பிரஷர் பாத்தனீங்களோ? உது விளையாட்டில்லை, வாங்கோ."

மொனிற்றரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அவரைச் சுரங்க ரயிலில் ஏற்றி, அப்டன் பார்க்குக்குக் கொண்டுவந்தாள். அவளுடைய மருந்துக்கடைக்குப் பக்கத்தில்தான் கல்யாணசுந்தரம் என்ற கும்பகோணத்துக்காரரின் கண் பரிசோதனைக் கடை இருந்தது. அவர் பெனடிக்ற்றை இருட்டறையில் இருத்தி எழுத்துகளைக் காட்டினார். அங்கேயும் பொய் சொல்லவேண்டும் என்பது இந்த மனிதருக்குத் தோன்றவில்லை. எழுத்தைக் காட்டினால் பிழையில்லாமல் வாசிப்பது அவருடைய பிறவிக் குணம். கடைசி வரி வரைக்கும் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்துக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

"பயந்துட்டீங்களாம்மா? சாரோட கண்ணு ரொம்ப நல்லா இருக்கு" என்றார் கல்யாணசுந்தரம். "இந்த வயசுல இவ்வளவு சுத்தமான பார்வையை நான் அடிக்கடி பார்க்கிறதில்ல. பொடி எழுத்தெல்லாம் கடகடன்னு படிக்கிறார்."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஆமாம்மா, ரெண்டு கண்ணையும் தனித்தனியா பார்த்துட்டேன்."

இரண்டு பேரும் பஸ்ஸில் ஏறி மேல்தட்டில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். கிரீன் ஸ்ட்ரீட்டில் சேலைக்கடைகளுக்கு முன்னால் சனம் நிறைந்து பஸ் நகராமல் நின்றது. அவள் கைப்பையை மடியில் வைத்து அதன் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏன் தெரியேல்லை எண்டு சொன்னனீங்கள்?"

அவ்வளவுதான் கேள்வி. அதன் முன்னுக்கும் அண்ணை இல்லை, பின்னுக்கும் அண்ணை இல்லை. பிழை பார்த்துப் பழகிய பெனடிக்ற்றின் காதுக்கு அந்த இல்லாத சொல் உடனே கேட்டது. அவள் அவர் கண்ணை நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாத பார்வை. பதில் அவருக்குத் தெரியும். 'நீர் போகக்கூடாது எண்டதுக்காகத்தான் சொன்னனான்.' ஒரே ஒரு வசனம். இதைவிட நீளமான வசனங்களை அவர் ஊரில் உள்ள அத்தனை மாப்பிள்ளை பொம்பிளைக்கும் அடித்துக் கொடுத்திருக்கிறார்.

வாய் திறந்தது.

"அது... சும்மா பகிடிக்குத்தான் சொன்னனான், தங்கச்சி."

பகிடியாம்! அந்த மனிதரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருக்கிறது எனக்கு. அத்தனை காலமும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்துவந்த சொல், வரக்கூடாத ஒரே ஒரு நிமிஷத்தில் பயத்தில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அவருக்கே அது கேட்டது. திருப்பி எடுக்கலாமா என்று பார்ப்பதற்குள் பஸ் நகரத் தொடங்கிவிட்டது.

சந்திரவதனா முன்பக்கம் திரும்பி, கைப்பையின் வாரைத் தோளில் மாட்டினாள்.

"சரி அண்ணை" என்றாள்.

அடுத்த கிழமை அந்தப் பதினேழு அங்குல மொனிற்றர் கடையின் வான் வண்டியில் வந்து இறங்கியது. அவளே தனியாகப் போய் வாங்கி அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை வந்து, பெட்டியைப் பிரித்து, எல்லாவற்றையும் பொருத்தித் தந்துவிட்டு, ரொறன்ரோவுக்கு ஓம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். பழையதைத் தெருவில் குப்பை எடுக்கிறவர்கள் கொண்டுபோனார்கள். அவள் பயணப்பட்ட நாளில் பெனடிக்ற் விமான நிலையத்துக்குப் போகவில்லை. ஷிப்ட் இருக்கிறது என்று சொன்னார். ஷிப்ட் ஒன்றும் இருக்கவில்லை. அறையில் புது மொனிற்றருக்கு முன்னால் அதைப் போடாமலே இருந்தார்.

சனிக்கிழமைகள் வந்தன. வேலையில் ஒரு பிழையும் வரவில்லை. பெனடிக்ற் அடித்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சனம் சொல்லத் தொடங்கியது. கனகாம்பிகைகூட இரண்டாம் ஆண்டு மலரை அவரிடமே கொடுத்தா. அவருக்கு அதிலெல்லாம் மனம் ஒட்டவில்லை. பிழை வந்த காலத்தில்தான் அந்த அறைக்கு ஆள் வந்தது.

பங்குனி மாதம் ரொறன்ரோவில் இருந்து சந்திரவதனாவின் தமையன் ரெலிபோன் எடுத்தார். கல்யாண அட்டையை நீங்கள்தான் செய்யவேண்டும் என்று அவள் பிடிவாதமாக நிற்கிறாள் என்றார். விபரம் எல்லாம் ஃபாக்ஸில் வந்தது. பெனடிக்ற் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லத் தெரிந்திருந்தால் வேறு பலதையும் சொல்லியிருப்பார். திருநிறைச்செல்வி சந்திரவதனா என்று தன் கையாலேயே அடித்தார்.

அடித்து முடித்ததும் வரி வரியாகப் பிழை தேடினார். ஒரு பிழை இருந்தால் போதும். இந்த இடம் சரியோ என்று கேட்க ரெலிபோன் எடுக்கலாம். அவளோடு இரண்டு வார்த்தை கதைக்கலாம். புள்ளி எல்லாம் இருந்தது. கொம்பு எல்லாம் இருந்தது. அந்தத் திரையில் ஒளிந்திருக்க எந்தப் பிழைக்கும் இடமில்லை.

பிறகு மனிதர் ஒரு வேலை செய்தார். 'சுபவேளையில்' என்ற சொல்லில் இருந்த இரட்டைக் கொம்பை எடுத்துவிட்டு ஒற்றைக் கொம்பைப் போட்டார். 'சுபவெளையில்.' கண் தெரியாதவனுக்கும் தெரியும் பிழை. அப்படியே ஃபாக்ஸில் அனுப்பிவிட்டு ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தார். அவள் காணாமல் விடமாட்டாள். கண்டால் சும்மா இருக்கமாட்டாள்.

சனிக்கிழமை ரெலிபோன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். தமையன்தான்.

"அட்டை வடிவாயிருக்கு பெனடிக்ற். நீங்கள் அடியுங்கோ."

"அவ பாத்தவவோ?"

"ஓம் ஓம், பென்சிலோடை இருந்து ரெண்டு தரம் பாத்தவ. ஒரு பிழையும் இல்லையாம்."

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லையே. ஏன்?"

"ஒண்டுமில்லை" என்று பெனடிக்ற் ரெலிபோனை வைத்தார்.

அவள் கண்ணுக்கு அது தப்பியிருக்காது. பேரப்பிள்ளைகளில் இருந்த பிழையைக் கதிரையில் உட்காருமுன்பே கண்டுபிடித்தவள். கண்டிருக்கிறாள். ஏன் அப்படி வந்தது என்பதும் அவளுக்கு விளங்கியிருக்கிறது. விளங்கித்தான் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

அவர் ஒற்றைக் கொம்பை அழித்துவிட்டு இரட்டைக் கொம்பைப் போட்டார். பக்கத்தில் ஆள் இருப்பதுபோல அட்டையை முதல் வரியில் இருந்து வாய்விட்டு வாசித்தார். சுபவேளையில் என்ற இடத்துக்கு வந்ததும் அழுதுவிட்டார்.