திருப்பிப் போட்ட கண்ணாடி

சகாயராஜின் வயிற்றெரிச்சல் ஒரு படத்தில் ஆரம்பித்தது. அதுவும் அவன் வீட்டுச் சுவரிலேயே, அவன் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, அவன் பெண்டாட்டி வினோதினி தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டிய படத்தில்.

மரக்காணத்தில் ஸ்டுடியோ வைத்து அவன் பதினெட்டு வருஷமாகப் படம் எடுக்கிறான். கூனிமேட்டு நிக்காஹ், கோயில் தேர், மாதா கோயிலில் பிள்ளைகளின் புதுநன்மைச் சடங்கு எல்லாவற்றுக்கும் அவன்தான். வினோதினியை மட்டுமே நூறு படமாவது எடுத்திருப்பான். அவள் மாட்டியதோ அவளுடைய அண்ணன் மரியதாஸ் எடுத்ததை.

மரியதாஸ் படக்காரனா என்றால் இல்லை. உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பழுது பார்க்கிறவன். குயிலாப்பாளையத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், தன் தோட்டத்து மோட்டாரைச் சரிசெய்து கொடுத்த நன்றிக்கு, ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய கேமராவை அவன் கையில் வைத்துவிட்டுப் போனார். ஐம்பது வருஷத்துப் பழசு. வெளிச்சம் காட்டும் முள் கிடையாது, பேட்டரி கிடையாது. எல்லாவற்றையும் கையால் திருகித்தான் வைக்கவேண்டும்.

"நான் எடுத்தது எத்தினி இருக்குது. இதத்தான் மாட்டணுமா?" என்றான் சகாயராஜ்.

"நீங்க எடுத்தா எல்லாரும் கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிடறோம். இதுல நான் நானா இருக்கேன்" என்றபடி ரசத்தை ஊற்றினாள் வினோதினி.

"கண்ணு கேமராவையே பாக்கல. எங்கியோ பாத்துச் சிரிக்குது. அதுகூடத் தெரியல உங்கண்ணனுக்கு."

"அதனால இன்னா? நல்லாத்தான இருக்குது."

அவன் ரசத்தைத் தொடாமல் எழுந்தான்.

மறுநாள் டீக்கடையில் மச்சானைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், என் லென்ஸுல ஆறு கண்ணாடி. கல்யாண மண்டபத்துல ஒரே ஒரு டியூப்லைட் எரிஞ்சாலும் முகத்த அள்ளிடும். பின்னால இருக்கறதெல்லாம் வெண்ணெய் மாதிரி கரைஞ்சுடும். உன்னுது நாலு கண்ணாடி. இருட்டுல அது குருடு."

மரியதாஸ் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தான். "இருட்டுல குருடுதான் மாப்ளே. ஆனா நம்ம உப்பளத்துல இருட்டு ஏது? மேல ஒரு சூரியன், கீழ பாத்திக்கு ஒரு சூரியன். கண்ணாடி கூடக்கூட வெளிச்சம் உள்ளாறயே மோதி மோதித் திரும்புது. படத்துமேல பால் தெளிச்சாப்புல ஆயிடுது. நாலு கண்ணாடின்னா மோதற இடம் கம்மி. கறுப்பு கறுப்பா நிக்குது, வெள்ளை வெள்ளையா நிக்குது."

"யார் சொன்னா?"

"எடுத்துப் பாத்தேன்."

அதுதான் சகாயராஜுக்குப் பொறுக்கவில்லை. பதினெட்டு வருஷம் அவன் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டதை, மோட்டார் கிரீஸ் கையோடு ஒருவன் 'எடுத்துப் பாத்தேன்' என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னது உண்மையாக இருந்ததுதான் இன்னும் கொடுமை.

அந்த வருஷம் உப்பளத்துக்கு ஒரு முக்கியமான வருஷம். இரண்டாயிரத்து நாலு கடைசியில் வந்த சுனாமித் தண்ணீர் சிவஞானம் முதலாளியின் பாத்திகளில் எல்லாம் சேற்றை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. சேறு வாரி, வரப்பு கட்டி, மிதித்து மிதித்துத் தரையை இறுக்கி, இரண்டாயிரத்து ஆறில்தான் மறுபடி உப்பு பூத்தது. முதல் உப்பு அம்பாரம் குவிக்கும் நாளில் அதன் உச்சியில் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவது வழக்கம். "இந்தத் தரம் அதப் படம் எடுக்கணும்பா. ரெண்டு பேரும் எடுங்க. எது நல்லா வருதோ அதப் பெருசு பண்ணி ஷெட்ல மாட்டிடலாம்" என்று சொல்லிவிட்டார் சிவஞானம்.

ஷெட்டில் ஒரு படத்துக்குத்தான் இடம். முன்னூறு பேர் தினமும் வந்துபோகிற ஷெட். அங்கே மச்சான் எடுத்த படம் தொங்கினால், அப்புறம் ஊரில் தன்னை யார் படக்காரன் என்பார்கள்? சகாயராஜ் மூன்று நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் மரியதாஸே கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தான்.

"மாப்ளே, உள்கண்ணாடியில காளான் புடிச்சிருக்குது. மோட்டார்னா பிரிச்சுடுவேன். இதத் தொடப் பயமா இருக்குது. உன் கை பழகின கை. தொடைச்சுக் குடு."

கடற்காற்றின் ஈரத்துக்கு லென்ஸுக்குள் சிலந்தி நூல்போலக் காளான் பூப்பது இந்தப் பக்கத்தில் சகஜம். சகாயராஜ் அன்று மத்தியானமே வளையத்தைத் திருகிக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தான். நாலே நாலு கண்ணாடி. வெள்ளைத் துணியின்மேல் அவை எவ்வளவு எளிமையாக, எவ்வளவு சுத்தமாக உட்கார்ந்திருந்தன! அதைப் பார்த்தும் பொறாமைப்பட்டான்.

அவனைக் கெட்டவன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், கண்ணுகளா. மூன்று கண்ணாடிகளை ஒழுங்காகத்தான் உள்ளே வைத்தான். கடைசியாக முன்கண்ணாடியை எடுத்தபோதுதான் கை நின்றது. ஒரு பக்கம் நன்றாகப் புடைத்திருக்கும் கண்ணாடி அது. புடைத்த பக்கம் வெளியே பார்க்கவேண்டும். ஒருமுறை வேறொரு லென்ஸில் தெரியாத்தனமாகத் திருப்பிப் போட்டு ஒரு ரோல் முழுவதையும் பாழாக்கியவன் அவன். நடுவில் மட்டும் படம் நிற்கும், ஓரமெல்லாம் கலங்கிப்போகும். தன் கேமராவாக இருந்தால் கண்ணை வைத்ததுமே தெரிந்துவிடும். மச்சானின் கேமராவில் ஆள் பார்க்கும் ஜன்னல் தனி, படம் பிடிக்கும் லென்ஸ் தனி. என்ன கோளாறு என்றாலும் ஜன்னலில் தெரியாது.

திருப்பிப் போட்டான். வளையத்தை இறுக்கினான்.

"புதுசு மாதிரி ஆக்கிட்டியே மாப்ளே!" என்று மரியதாஸ் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அம்பாரம் குவித்த அன்று இரண்டு பேரும் எடுத்தார்கள். மரியதாஸ் முதலில் உள்ளங்கையை வெயிலில் நீட்டிப் பார்த்தான், அப்புறம் லென்ஸின் வளையத்தைத் திருகினான். சகாயராஜ் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, "மூச்ச அடக்கு, சிரி" என்றான். இரண்டு ரோலையும் கழுவப் பாண்டிச்சேரிக்கு எடுத்துப்போனவன் அவன்தான்.

பஸ்ஸில் திரும்பும்போதே கவரைப் பிரித்தான். மச்சானின் படங்கள் அவன் நினைத்ததைவிட மோசம். கூட்டமாக நின்ற படத்தில் ஓரத்தில் இருந்த சிவஞானம் முதலாளி ரப்பராக இழுபட்டு எருமைபோல அகன்றிருந்தார். சகாயராஜ் வாய்விட்டுச் சிரித்ததில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

அப்புறம்தான் அந்தப் படம் வந்தது.

நடுவில் ஆராயி. முப்பது வருஷமாக உப்பு வாரும் ஆராயி, கையில் கற்பூரத் தட்டு. அவள் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் கூர்மையாக நின்றது. அவளைச் சுற்றி அம்பாரமும் பாத்தியும் வானமும் ஒன்றாகக் கரைந்து, வெள்ளை வெள்ளையாகச் சுழன்றுகொண்டிருந்தன. உப்பே எழுந்து அவளைச் சுற்றி வருவதுபோல இருந்தது.

அவன் சிரிப்பு நின்றுபோயிற்று. கிழித்துப் போட்டிருக்கலாம். நெகட்டிவ் இருக்கிறதே. பெரிசு பண்ணத் தேடும்போது மாட்டிக்கொள்வோம் என்ற பயம் ஒரு பக்கம். எருமை முதலாளியைப் பார்த்துவிட்டு எல்லோரும் மச்சானைக் கேலி செய்வார்கள் என்ற நப்பாசை மறுபக்கம். கவரை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தான்.

ஷெட்டில் கூட்டம் கூடியது. முதலில் சகாயராஜின் படம். எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் தெளிவாக, ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல நின்றார்கள். "நல்லா இருக்குது" என்றார் சிவஞானம். அடுத்து எருமைப் படம். அவரே விழுந்து விழுந்து சிரித்தார். "டேய் மரியதாஸு, என்னய இன்னாடா பண்ணி வெச்சிருக்கே!"

அப்புறம் ஆராயி படம் வந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. படம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. யாரோ ஒருத்தி கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"இதான்" என்றார் சிவஞானம். "எப்பிடிப்பா எடுத்தே?"

"தெரியலீங்க முதலாளி. எப்பவும் போலத்தான் எடுத்தேன்" என்று மரியதாஸ் தலையைச் சொறிந்தான்.

"கைராசிப்பா. அதெல்லாம் பொறப்புலயே வரணும்" என்றார் அவர்.

பதினெட்டு வருஷத்தில் ஒரு தரம்கூட ஒருவரும் அவனிடம் சொல்லாத வார்த்தை அது. சகாயராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். என்ன பேசுகிறோம் என்று தெரிவதற்குள் பேசிவிட்டான்.

"கைராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! அது நான் பண்ணது! முன்கண்ணாடியத் திருப்பிப் போட்டவன் நான். அதனாலதான் அப்பிடிச் சுத்துது. இவனுக்கு இன்னா தெரியும்?"

கூட்டம் அவனைப் பார்த்தது. ஒரு நொடி அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஆராயி படத்தைக் கையில் வைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டாள். "ஏம்பா, திருப்பிப் போட்டா நல்லா வரும்னா உன் கேமராவுல இல்ல போட்டிருப்பே? அவன் கேமராவுல எதுக்குப் போட்டே?"

மரியதாஸ் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

மோட்டார் கொட்டகையில்தான் சகாயராஜ் அவனைப் பிடித்தான். மரியதாஸ் கேமராவை நீட்டினான். "சரி பண்ணு."

சகாயராஜ் சிமெண்டுத் தரையில் கைக்குட்டையை விரித்து, வளையத்தைத் திருகினான். வளையம் மூன்று தரம் நழுவியது. கண்ணாடியைத் திருப்பி, ஊதி, சரியான பக்கம் வைத்தான்.

"எதுக்கு மாப்ளே?"

"அவ உன் படத்த மாட்டிட்டா மச்சான். தெனம் சாப்பிடறப்ப எதிர்ல இருக்குது."

மரியதாஸ் அவன் பக்கத்தில் குந்தினான். "அந்தப் படத்துக்கு நாலு தரம் கூப்பிட்டேன், 'இங்க பாரும்மா இங்க பாரும்மா'ன்னு. பாக்கவே இல்ல. எனக்குப் பின்னால நீ கேமரா ஸ்டாண்டை மடிக்கறேன்னு வெரல நசுக்கிக்கினு குதிச்சுக்கினு இருந்தே. உன்னப் பாத்துத்தான் சிரிச்சுக்கினு இருந்தா."

சகாயராஜ் வளையத்தை இன்னொரு சுற்று இறுக்கினான்.

"சரி. கேமராவக் குடு. இனிமே காளான் புடிச்சா நான் பாண்டிச்சேரிக்கே எடுத்துக்கினு போறேன்" என்று வாங்கிக்கொண்டு மரியதாஸ் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சகாயராஜ் அந்தப் படத்தின் முன்னால் நின்றான். கேமராவைத் தாண்டி, அதற்குப் பின்னால் யாரையோ பார்த்து அடக்கமுடியாமல் சிரிக்கும் கண்கள். இத்தனை நாளும் கண்ணாடியை எண்ணினான், கூர்மையை எண்ணினான். இதை ஒரு தரம்கூடப் பார்த்திருக்கவில்லை.

"இன்னா அப்பிடிப் பாக்கறீங்க?" என்றாள் வினோதினி, அடுப்பங்கரை வாசலில் நின்று.

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான்.

"ஒண்ணுமில்ல. வெளிச்சம் ஒரு பொட்டு கம்மியா வெச்சிருக்கான் உங்கண்ணன்."