திரைக்குப் பின்னால் ஒரு கை

1

கிட்ட வாங்க, பாயை இழுத்துப் போட்டு உட்காருங்க. ஒரு கதை தருகிறேன். முழுசாக என்று சொல்ல மாட்டேன். கல்யாண வீடொன்றில் தேங்காய் துருவியபடி ஒருத்தி பாதி சொன்னாள். மீதியைச் சொல்வதற்குள் சோறு வெந்துவிட்டது. ஆகவே எழுதிப் பார்க்கிறேன்.

2

ஹந்தானை மலைப் பக்கம் வானம் கறுத்தால் கண்டியில்...

(வேண்டாம். எதையும் மழையில் தொடங்கும் சோம்பல் எனக்கு உண்டு.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஹிதாயா என்பவள் கண்டி நகரத்துக் கட்டுகலையில் ஒரு சந்தில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். அறைக்கு வாடகை கொடுத்தது நகரசபை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பெண்கள், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு முக்காட்டோடு வருவார்கள். அந்த வருடம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கூரை இற்றுப்போனது. மழை நாளில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஹிதாயாவின் மகள் றமீலாவும் ஒருத்தி.

3

நகரசபை மெம்பர் செல்லச்சாமியை முதலில் கெட்டவராக எழுதினேன், முறுக்கு மீசை எல்லாம் வைத்து. அடித்துவிட்டேன். அந்த மனிதர் செய்ததெல்லாம் ஊரைக் கூட்டிக் கேட்டதுதான்.

"காசு ஒரு பக்கந்தாங்க போகும். கூரையா, சந்து வகுப்பா? கை தூக்குங்க."

கூரைக்கு ஆண்கள் தூக்கினார்கள். வகுப்புக்கு ஒரு கையும் தெரியவில்லை. பெண்கள் சீலைத் திரைக்குப் பின்னால் இருந்தார்கள்.*

"அப்ப வகுப்புக்கு யாருமில்லீங்களா?"

"மெம்பர் தொரை, தூக்கின கை நோகுது" என்றாள் உம்மு குல்சும். ஹிதாயாவிடம் தன் பெயர் எழுதும் அளவுக்குக் கற்றிருந்தவள். "சீலைக்கு இங்கால ஈக்கிறதும் ஆக்கள்தான்."

"தெரியாமப் போச்சும்மா. உசத்தித் தூக்குங்க, எண்ணிக்கிறேன்."

திரைக்கு மேலே வளையல்கள் எழுந்தன. எண்ணினார், இரு பக்கமும் சரிசமம். ஹிதாயாவின் கை மட்டும் மடியில் கிடந்தது.

"தூக்குங்க, உங்கட வகுப்புத்தானே" என்று இடித்தாள் உம்மு குல்சும்.

மறுபக்கம் றமீலா காதுக்குள் சொன்னாள்: "மழைக்கு வீட்டில ஈந்தா வாய்ப்பாடு மறக்குது உம்மா."

* பின்னால் தூக்கும் கை தெரியாது என்று திரை கட்டியவர்களுக்கும் தோன்றவில்லை, அதற்குப் பின்னால் கை தூக்கியவர்களுக்கும் தோன்றவில்லை.

4

மீதியை நானே முடித்துப் பார்த்தேன்: வகுப்புக்குத் தூக்கினாள். (எழுதியதும் றமீலா என்னைப் பார்த்தாள்.)

கூரைக்குத் தூக்கினாள். உம்மு குல்சுமின் எழுத்து அவள் பெயரோடு நின்றுபோனது.

ஒரு முதலாளி எழுந்து, இரண்டுக்கும் நானே தருகிறேன் என்று... (கிழித்தேன். அப்படி ஒருவர் இருந்தால் கூட்டம் எதற்கு?)

5

தேங்காய் துருவியவள் கடைசியாகச் சொன்னது இதுதான்.

"உங்க ஒரு கைதான் பாக்கி. சீக்கிரம் சொல்லுங்கம்மா, இவங்கல்லாம் கடை திறக்கணும்" என்றார் மெம்பர்.

"திறக்கலாம்" என்றாள் ஹிதாயா. "ரெண்டும் எனக்கு வேணும். யோசிச்சுத்தான் தூக்குவேன். பொறுங்க."

பொறுத்தார்கள். கடைக்காரர்கள், ஆபீஸ் கிளாக்கர்மார், மெம்பர், தொப்பியும் தலைப்பாகையுமாக அத்தனை பேரும் ஒரு சீலையைப் பார்த்தபடி, அதற்கு அப்பால் ஒருத்தி யோசித்து முடியும்வரை காத்திருந்தார்கள்.

அந்த மௌனத்தை ஒரு பெண் கேட்டு வாங்கினாளே, அதைக் கலைக்க எனக்கு மனமில்லை. அவள் கை எந்தப் பக்கம் எழுந்தது என்பதை நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அவள் எடுத்த நேரத்தை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் அரிசிப் பானை குறையாமல், பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.