காலியாக இருந்த கடைசி வரி

மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்துவிட்டு, நடக்காவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்கள். என்னைத் திட்டியதைக்கூட மறந்திருப்பேன். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். மருந்துக் கவரில் ஒட்டுகிற லேபிளை அச்சடிக்க எங்களிடம் ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பொதுச்சொத்து மாதிரி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அதில் ஒரு கோளாறு. மருந்தின் பெயர் நீளமாக இருந்தால் கடைசியில் வர வேண்டிய 'சாப்பிட்ட பிறகு' சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். இரண்டு வருஷம் அதைப் பேனாவால் எழுதி எழுதிக் கை ஓய்ந்து, நாத்தனாரிடம் கேட்டேன். அவள் மென்பொருள் கம்பெனியில் இருப்பவள், எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். அவள் சொல்லிக் கொடுக்க, ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகளைக் காவு கொடுத்துப் பதினான்கு வரி எழுதினேன். லேபிள் ஒழுங்காக வந்தது. அனுப்பினேன்.

பதில் போட்டவர் அந்த மென்பொருளைத் தொடங்கியவர். அங்கே அவருக்குத் தூண் என்று பெயர். எல்லாம் அவர்மேல்தான் நிற்கிறதாம். "மாத்திரை எண்ணுகிறவர்கள் மாத்திரையை எண்ணட்டும். இந்தக் குப்பையைப் பார்த்த பத்து நிமிடத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?" என்று ஊரே பார்க்கிற இடத்தில் எழுதினார். கீழே இருபத்தாறு சிரிப்பு முகங்கள். எண்ணினேன். எண்ணுவதுதானே என் தொழில்.

"விடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "அவர் எல்லாரையும் அப்படித்தான் பேசுவார். ஆனா பெரிய வேலைக்காரர். அவர் கோச்சுக்கிட்டுப் போயிட்டா மொத்தமும் படுத்துடும்."

"வேலைக்காரர்னா வாய்க்கு லைசென்ஸா?"

"அப்ப புகார் குடுங்க. நடத்தை விதிகள்னு ஒரு பக்கம் இருக்கும், பாருங்க."

இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகாக இருந்தது. புதிதாக வந்தவரைக் கேலி செய்யக் கூடாது. ஒருவரின் தொழிலைச் சொல்லி இழிவுபடுத்தக் கூடாது. வேலையைக் குறை சொல்லலாம், ஆளைச் சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் கீழே, 'மீறல்களைத் தெரிவிக்க வேண்டிய முகவரி' என்று ஒரு வரி. அதற்குப் பக்கத்தில், 'இங்கே உங்கள் முகவரியை இடுக.'

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "வேற எங்கிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியிருக்காங்க அண்ணி. இந்தப் பக்கம் இருந்தாத்தான் எல்லாம் முறையா இருக்குன்னு புராஜெக்டுக்குப் பச்சை டிக் விழும். டிக் விழுந்ததும் ஒருத்தரும் திறந்துகூடப் பார்க்கலை."

எத்தனை வருஷமாக என்று பார்த்தோம். ஆறு வருஷமாக.

"இடுகன்னுதானே போட்டிருக்கு? இட்டுட்டாப் போச்சு," என்று சொல்லி, அந்த இடத்தில் என் மின்னஞ்சல் முகவரியைப் போட்டு, ஒரே ஒரு வரித் திருத்தமாக அனுப்பிவிட்டேன்.

"நகைச்சுவைக்கு இங்கே இடமில்லை" என்று எழுதித் தூண் அதை ஏற்காமல் மூடினார். மூடியதைத் திறக்க அனுப்பியவருக்கும் வழி உண்டு. மறுநாள் சாப்பாட்டு வேளையில் திறந்தேன். "அந்த வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதினேன். மூடினார். திறந்தேன். ஒன்பது நாள் ஒரு கையில் சாப்பாடும் ஒரு கையில் போனுமாக இதே வேலை. ஒரு எழுத்துகூட நான் மரியாதை தப்பவில்லை. பத்தாம் நாள் யாரும் திறக்க முடியாதபடி பூட்டே போட்டுவிட்டார்.

ஆனால் பூட்டிய பக்கத்தை எல்லாரும் பார்க்கலாம். அதில் என் முகவரி இருந்தது. இது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

முதல் மின்னஞ்சல் ஒரே வரி: "இது நிஜமாகவே வேலை செய்கிற முகவரியா?" ஆமாம் என்று எழுதினேன். அரை மணியில் மூன்று பக்கம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், எழுதப் படிக்கத் தெரியுமா என்று தூணால் கேட்கப்பட்டு, அன்றோடு கணினியை மூடிவிட்டுப் போன ஒருவர். இரண்டு வாரத்துக்குள் பதினோரு பேர் எழுதிவிட்டார்கள். எனக்குப் பயமாகவே இருந்தது. முகம் தெரியாதவர்கள் என்னிடம் வந்து மனதைக் கொட்டுகிறார்கள், எனக்கோ அங்கே ஒரு எழுத்தை மாற்றக்கூட அதிகாரம் இல்லை. மருந்தகத்தில் பழகிய பழக்கம், ஒரு நோட்டில் கோடு போட்டுப் பதிந்தேன்: தேதி, சொல்லப்பட்டது, யார் மீது, என்ன வேண்டும். பெயர் சொல்லாமல் வெளியே சொல்லலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பதினோரு பேரும் சொல்லுங்கள் என்றார்கள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளும் வீடியோ கூட்டம் நடக்கும். மருந்து இருப்பு வைக்கும் அறையில், சலைன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். நாத்தனாரும் துணைக்கு வந்திருந்தாள். என் முறை வந்ததும் நோட்டைப் பிரித்துப் பதினொன்றையும் வாசித்தேன். தூணின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இந்தப் பதினோரு பேர்ல உருப்படியா ஒரு வரி எழுதினவங்க யாராவது உண்டா?" என்றார்.

அதுவரை இழுத்துப் பிடித்துவைத்திருந்தது அறுந்துவிட்டது. "உங்க மூளை பெருசா இருக்கலாம் சார். மனசு அரை மாத்திரை சைஸ்தான்!"

திரை முழுக்கச் சிரிப்பு முகங்கள் பறந்தன. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஜில்லென்று இருந்தது.

அப்போது வாத்தியார் பேசினார். பள்ளியில் கணக்கு நடத்துகிறவர். மென்பொருளின் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் சரிபார்த்து வெளியிடுவது அவர்தான். கூட்டங்களில் பதிப்பு எண்ணையும் தேதியையும் தவிர வாயே திறக்க மாட்டார் என்று நாத்தனார் சொல்லியிருந்தாள்.

"அதுல ஏழாவது கடிதம் என்னோடது," என்றார். "கூட்டல் தெரியாத வாத்தியார்னு போன வருஷம் சொன்னீங்க. அதுக்கப்புறம் நான் ஒரு வரிகூட எழுதலை. நீங்க கவனிக்கவும் இல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அந்தக் காலி இடத்தை நிரப்ப எனக்கு அனுமதி இருக்கு. இவங்களும் நானும் வாரம் மாத்தி வாரம் பார்த்துக்கறோம். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

அவர் விசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. லேபிளுக்கு நான் எழுதிய பதினான்கு வரியையும் சோதித்துப் பார்த்ததாகவும், சரியாக இருப்பதாகவும் சொல்லி அதையும் சேர்த்தார். திரையில் தூணின் சதுரம் இருண்டு போனது. நாத்தனார் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்ததில் ஒரு பெட்டி சரிந்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் முதல் புகார் வந்தது. அனுப்பியவர் தூண்.

"சனிக்கிழமை கூட்டத்தில் என் மனதைப் பற்றி எல்லார் முன்னாலும் ஒன்று சொல்லப்பட்டது. எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விதிகள் எனக்கும் உண்டு என்றால் விசாரிக்கவும்."

கொழுப்பைப் பார் என்றுதான் முதலில் தோன்றியது. நாத்தனாருக்கு போன் போட்டு வாசித்துக் காட்டினேன்.

"கிடப்புல போடுங்க அண்ணி. இந்த வாரம் உங்க முறைதானே, வாத்தியாருக்குத் தெரியவே தெரியாது. ஆறு வருஷம் அத்தனை பேரையும் அலைய விட்டவர். அவரும் கொஞ்சம் அலையட்டுமே."

அமுக்கியிருக்கலாம். ஆசையும் இருந்தது. ஆனால் அந்த மகள் எத்தனை வயசுப் பெண்ணோ, அப்பாவின் முகத்தையும் திரையில் பறந்த சிரிப்பையும் மாறி மாறிப் பார்த்திருப்பாளே என்று நினைத்ததும் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன். சொன்னது நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

"அவர் உங்ககிட்ட இன்னும் ஒரு சாரிகூடச் சொல்லலை, ஞாபகம் இருக்கட்டும்," என்றாள்.

"சொல்லட்டும், சொல்லாமப் போகட்டும். இங்க வந்த புகாரை நான் அமுக்க மாட்டேன்."

போனை வைத்துவிட்டுப் பதில் எழுதினேன். "உங்கள் புகார் கிடைத்தது. இதை விசாரிக்க வேண்டியவள் நான் அல்ல, அதனால் வாத்தியாருக்கு அனுப்பியிருக்கிறேன். ஏழு நாளில் அவர் உங்களுக்கு எழுதுவார்." வாத்தியாருக்கு அனுப்பினேன். பிறகு நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தில் கோடு போட்டேன். தேதி எழுதினேன். 'சொல்லப்பட்டது' என்ற இடத்தில் அந்த அரை மாத்திரையை ஒரு சொல் குறையாமல் எழுதினேன். அதை என் கையால் எழுதும்போது சிரிப்பு வரவில்லை. 'யார் மீது' என்ற இடத்தில் என் பெயரை முழுதாக, முதலெழுத்தோடு எழுதினேன்.